கட்டத்தை நீட்டிப் பார்த்தாயா?

வாசகர் கடிதம்: "விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்து, சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கியிருக்கிறேன். குவாண்டம் மூலக்கூறு இயக்கவியலில் பிஎச்.டி. செய்ய ஆசை. எங்கள் ஆர்கானிக் சார், 'தியரி என்றால் பட்டன் தட்டுகிற வேலை, சிந்தஸிஸ் எடு, மருந்துக் கம்பெனியில் வேலை கிடைக்கும்' என்கிறார். சீனியர் அக்கா ஒருவர் டி.எஃப்.டி. என்ற எலெக்ட்ரான் கணக்கு செய்கிறார், அதுவும் இதுவும் ஒன்றுதானா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. என் கணக்கு அலைட் மேத்ஸோடு நின்றுவிட்டது. இதையெல்லாம் இனி ஏ.ஐ.யே செய்துவிடும் என்கிறான் தம்பி. அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். 'இன்னும் எத்தனை வருஷம்?' என்று மட்டும் கேட்கிறார். நான் என்ன செய்யட்டும்?"

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தில் இருப்பதிலேயே நியாயமான கேள்வி அப்பாவுடையதுதான். அதற்கு ரூபாய்க் கணக்கோடு பதில் சொல்ல வேண்டும், பின்னால் சொல்கிறேன். முதலில் அக்காவின் வேலையையும் நீங்கள் ஆசைப்படும் வேலையையும் பிரித்துக்கொள்வோம். இந்த வித்தியாசம் தெரியாமல் சேர்ந்துவிட்டு மூன்றாம் வருஷத்தில் முழிக்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

அக்கா செய்வது நிலப்படம் வரைகிற வேலை. அணுக்கருக்களை இன்ன இன்ன இடத்தில் என்று ஆணியடித்து நிறுத்திவிட்டு, எலெக்ட்ரான்களின் ஆற்றல் எவ்வளவு என்று கணக்கிடுகிறார். கருவைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடியும் அதே கணக்கு. இப்படி ஆயிரக்கணக்கில் புள்ளிகள் சேர்ந்தால் மேடும் பள்ளமுமாக ஒரு நிலையாற்றல் பரப்பு கிடைக்கும். கருவை அப்படி நிறுத்திவைக்கலாம் என்ற தைரியத்தை 1927-இல் போர்னும் ஓப்பன்ஹைமரும் கொடுத்தார்கள். இருப்பதிலேயே லேசான கருவான புரோட்டானே எலெக்ட்ரானைப்போல் 1836 மடங்கு கனம். கரு அசைந்து கொடுப்பதற்குள் எலெக்ட்ரான் தன்னைச் சரிசெய்துகொண்டுவிடும். 1931-இல் ஐரிங்கும் மைக்கேல் போலானியும் ஒரு ஹைட்ரஜன் அணு ஹைட்ரஜன் மூலக்கூறோடு மோதும் வினைக்கு இப்படி ஒரு படம் வரைந்தார்கள். நடுவில் ஒரு மேடு, இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. எங்கள் துறையின் முதல் நிலப்படம் என்று அதைச் சொல்லலாம்.

படம் வரைந்தால் அதில் நடக்க ஆள் வேண்டுமே, அது இயக்கவியல். அணுக்களைக் கோலிக்குண்டாக நினைத்து நியூட்டன் விதிப்படி உருட்டிவிடுவது ஒரு வழி. புரதங்களைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள், வெறுமனே 'எம்.டி.' (மாலிக்யூலர் டைனமிக்ஸ்) என்று சொன்னால் அதைத்தான் குறிக்கும். ஆனால் ஹைட்ரஜன் மாதிரி லேசான அணு கோலிக்குண்டுபோல நடந்துகொள்ளாது. மேடேறப் போதிய ஆற்றல் இல்லாமலே மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும். பள்ளத்தின் அடியில் கிடக்கும்போதும் சும்மா கிடக்காது. ஆகவே அணு எங்கெங்கே இருக்கலாம் என்று சொல்லும் ஓர் அலைக் கொத்தை, அதாவது அலைப்பொதியை, பரப்பின்மேல் ஏவிவிட்டு, அது பிரிவதையும் வளைவதையும் பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஹைட்ரஜன் மூலக்கூறு ஒருமுறை விரிந்து சுருங்க ஆகும் நேரம் சுமார் 8 ஃபெம்டோவிநாடி (ஒரு ஃபெம்டோவிநாடி என்பது விநாடியின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு). நாங்கள் பின்னால் போவது அந்த வேகத்தில். நீங்கள் கேட்ட துறை இதுதான்.

இனி பட்டன் விஷயம். வேதியியலுக்கு வேண்டிய அடிப்படை விதிகள் முழுக்கத் தெரிந்துவிட்டன, சமன்பாடுகளைத் தீர்ப்பதில்தான் சிக்கல் என்ற பொருளில் 1929-இல் டிராக் எழுதினார். அந்தச் சிக்கல் எவ்வளவு பெரியது என்று உங்கள் ஆர்கானிக் சாரிடம் ஒரு கணக்காகச் சொல்லிப்பாருங்கள். ஒவ்வொரு அதிர்வுக்கும் 10 புள்ளி வைத்து அலையை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நீருக்கு 3 அதிர்வு, ஆக 1000 எண்கள். கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம் என்று தோன்றும். மீத்தேனுக்கு 9 அதிர்வு, ஆக 100 கோடி எண்கள். ஒரு கலப்பெண்ணுக்கு 16 பைட் என்றால், அலையை ஒரு கணம் நினைவில் வைத்துக்கொள்ளவே 16 ஜி.பி. வேண்டும், உங்கள் லேப்டாப் அங்கேயே படுத்துவிடும். பென்சீனுக்கு 30 அதிர்வு. 1 எழுதி அதன்பின் 30 சைபர் போட்டுக்கொள்ளுங்கள். உலகத்துக் கணினிகளையெல்லாம் ஒன்றாகக் கட்டிப்போட்டாலும் அதற்கு இடம் காணாது. மூன்றே அணு கொண்ட அந்த ஹைட்ரஜன் வினையையே முப்பரிமாணத்தில் குவாண்டம் முறையில் சரியாகத் தீர்க்க 1970-களின் நடுப்பகுதிவரை ஆயிற்று. கால்டெக்கில் ஷாட்ஸும் குப்பர்மானும் அதைச் செய்தார்கள். நிலப்படம் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஆக, எதைக் கறாராக வைத்துக்கொள்வது, எதைத் தோராயமாக விட்டுவிடுவது என்று முடிவெடுப்பதில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. 1990-இல் ஹைடல்பெர்க்கில் மேயர், மாந்தே, சீடர்பாம் மூவரும் ஒரு வழி கண்டார்கள்: அசையாத கட்டத்தாளில் அலையை வரையாமல், அலையோடு கூடவே உருமாறுகிற கட்டத்தாளில் வரைவது. புள்ளிகள் வீணாகாது. அதை வைத்து 1999-இல் அதே குழுவினர் பைரசின் மூலக்கூறின் 24 அதிர்வுகளையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் ஜான் டல்லி வேறு பக்கம் போனார். கரு நியூட்டன் வழியிலேயே ஓடட்டும், எலெக்ட்ரான் நிலை மாறும் இடத்தில் மட்டும் ஒரு பரப்பிலிருந்து இன்னொரு பரப்புக்குத் தாவட்டும் என்றார். 2004-இல் கிரெய்க்கும் மனோலோபௌலோஸும் ஒரு புரோட்டானை வட்டமாகக் கோத்த மணிமாலையாக எழுதி, அந்த மாலையை நியூட்டன் விதிப்படி ஓடவிட்டார்கள். மூன்றுமே ஏதோ ஓரிடத்தில் பொய் சொல்லும். எந்த மூலக்கூறுக்கு எந்தப் பொய்யைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தவருக்குத்தான் எங்கள் ஊரில் மரியாதை.

இந்த வரியை நீங்கள் படிக்கிறபோது உங்கள் விழித்திரையில் ரெட்டினல் என்ற மூலக்கூறு ஒளி பட்டுத் திரும்பிக்கொள்கிறது. அதற்கு ஆகும் நேரம் சுமார் 200 ஃபெம்டோவிநாடி. அத்தனை சீக்கிரம் எப்படி முடிகிறது என்றால், இரண்டு நிலையாற்றல் பரப்புகள் ஒன்றையொன்று தொடும் இடம் ஒன்று வழியில் இருக்கிறது. கூம்புச் சந்திப்பு என்போம். புனல் மாதிரி மேற்பரப்பிலிருந்து கீழ்ப்பரப்புக்கு வழுக்கி இறங்கிவிடும். அந்த இடத்தில் போர்ன்–ஓப்பன்ஹைமர் தைரியம் செல்லாது. அக்காவின் படமும் அந்த இடத்தில் தனியாக உதவாது.

நான் மாட்டிக்கொண்ட கதை ஒன்றைச் சொல்கிறேன். 1993. பிஎச்.டி.யில் இரண்டாம் வருஷம். மூன்று அணுக்களும் ஒரே நேர்கோட்டில் மோதுவதாக வைத்துக்கொண்டு அதே ஹைட்ரஜன் வினைக்கு ஃபோர்ட்ரானில் நானே கோட் எழுதினேன். கணினி மையத்தில் இரவு ஜாப் கொடுத்தால் காலையில் மடிப்பு மடிப்பாகப் பிரிண்ட் அவுட் வரும். ஒரு நாள் வந்த தாளில், ஆற்றலுக்கு எதிராக வினை நிகழ்தகவு வரைந்தால் வரிசையாக ஊசி ஊசியாக உச்சிகள். இந்த வினையில் ஒத்ததிர்வு (குறிப்பிட்ட சில ஆற்றல்களில் மூன்று அணுவும் சற்று நேரம் ஒட்டிக்கிடப்பது) உண்டு என்று நான் பேப்பர்களில் படித்திருந்தேன். எனக்கு மட்டும் நிறையக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். மெஸ்ஸில் நண்பர்களுக்கு என் செலவில் டீ. பேப்பருக்குத் தலைப்புகூட யோசித்தாயிற்று.

கைடு தாளை வாங்கிப் பார்த்தார். ஒரே கேள்விதான் கேட்டார்: "கட்டத்தை நீட்டிப் பார்த்தாயா?" பார்க்கவில்லை. நீட்டினேன். உச்சிகள் இடம் மாறிவிட்டன.

நடந்தது இதுதான். அலையை எழுத வைக்கும் புள்ளிவரிசையைத்தான் கட்டம் என்போம். அலையைச் சிறு சிறு அலைகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபூரியே முறையில் கட்டத்தின் வலது ஓரமும் இடது ஓரமும் ஒன்றாக ஒட்டப்பட்டவை. பழைய நோக்கியா போனில் பாம்பு விளையாட்டு விளையாடியிருந்தால் தெரியும்: வலது பக்கம் வெளியே போன பாம்பு இடது பக்கம் தலை நீட்டும். என் அலைப்பொதியும் ஓரத்தைத் தாண்டி, எதிர்ப்பக்கம் நுழைந்து, தன்னுடைய மிச்சத்தோடு தானே மோதிக்கொண்டிருந்தது. ஓரத்தில் அலையை உறிஞ்சிக்கொள்ள ஒரு பதம் போட வேண்டும், நான் போடவில்லை. உண்மையான ஒத்ததிர்வுக்குக் கட்டம் எங்கே முடிகிறது என்பது தெரியாது. என் உச்சிகளுக்குத் தெரிந்திருந்தது. அதைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆயிற்று. உச்சிகளில் பெரும்பாலானவை மறைந்தன. உண்மையானவை சில, வெட்கப்பட்டதுபோல ஓரமாக, மிஞ்சின.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் துறையில் ஒரு வருஷத்தில் எட்டு மாதம் இப்படித்தான் போகும். விடை வந்துவிடும், அது நம் கோட் சொன்னதா, மூலக்கூறு சொன்னதா என்று பிரிப்பதில் நாள் ஓடும். இதில் ருசி இருக்கிறவர்களுக்கு இது சொர்க்கம். இல்லாதவர்களுக்கு ஐந்து வருஷ ஜெயில்.

அந்த ருசி உங்களுக்கு இருக்கிறதா என்று பார்க்க எந்த நிறுவனத்திலும் சேர வேண்டாம். லேப்டாப்பும் இரண்டு வாரமும் போதும். எம்.எஸ்சி.யில் பெட்டிக்குள் துகள், பத்து மார்க் கேள்வியாக எழுதியிருப்பீர்கள். அதன் அடுத்த படிதான் இது. பைத்தானில் 512 புள்ளிகளுக்கு ஒரு நேர்கோட்டுக் கட்டம் போடுங்கள். நடுவில் எக்கார்ட் தடை என்கிற வழவழப்பான மேடு ஒன்றை நிறுத்துங்கள். இடது பக்கமிருந்து ஓர் அலைப்பொதியை ஏவுங்கள். இயக்க ஆற்றலையும் நிலையாற்றலையும் தனித்தனியாகப் பிரித்து, மாற்றி மாற்றிச் செலுத்துகிற முறை ஒன்று இருக்கிறது; 'ஸ்ப்ளிட் ஆப்பரேட்டர்' என்று தேடினால் கிடைக்கும். நாற்பது வரிக்குள் முடியும். எக்கார்ட் தடையைச் சொல்ல ஒரு காரணம் உண்டு: எவ்வளவு பங்கு ஊடுருவிப் போகும் என்பதற்கு 1930-லேயே அவர் சூத்திரம் கொடுத்துவிட்டார். உங்கள் விடையைச் சரிபார்க்கக் கையில் ஒரு விடை இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மொத்த நிகழ்தகவு 1 ஆகவே இருக்கிறதே, எல்லாம் சரி என்று ஏமாறாதீர்கள். இந்த முறையில் கால இடைவெளியைக் கன்னாபின்னாவென்று பெரிதாக வைத்தாலும் அது 1 தான் காட்டும். சராசரி ஆற்றல் நகர்கிறதா என்று பாருங்கள். கால இடைவெளியைப் பாதியாக்குங்கள், கட்டத்தை இரட்டிப்பாக்குங்கள். விடை அசையாமல் நின்றால் அன்றைக்கு நீங்கள் ஓர் இயக்கவியல் ஆள். கோட் தப்பாக ஓடுகிறபோது ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து போய், "அந்த மைனஸ் குறிதானா?" என்று பார்க்கத் தோன்றினால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். எரிச்சல் மட்டும்தான் வருகிறது என்றால் சிந்தஸிஸ் நல்ல துறை. நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை.

கணக்கைப் பற்றிப் பயப்படாதீர்கள் அம்மா. வேண்டியது அணியின் (மேட்ரிக்ஸ்) ஐகன் மதிப்பு, ஃபூரியே மாற்றம், கலப்பெண், கொஞ்சம் வகைக்கெழுச் சமன்பாடு. அலைட் மேத்ஸில் பாதி பார்த்திருக்கிறீர்கள். அப்போது அது எதற்கு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மேலே சொன்ன நாற்பது வரியை எழுதினால், ஃபூரியே மாற்றம் எதற்கு என்று கை சொல்லிக்கொடுத்துவிடும். முதல் வருஷக் கோர்ஸ் ஒர்க்கில் மீதியைப் பிடித்துவிடலாம்.

தம்பி சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அவனோடு சண்டை போடாதீர்கள். ஆனால் அவன் நினைக்கிற இடத்தில் இல்லை. இதற்கு நம்மூர்க்காரர் ஒருவரின் கதை பொருத்தம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ந. சத்தியமூர்த்தி, அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்தபோது அவருக்கும் அவருடைய கைடு லயனல் ராஃபுக்கும் முன்னால் இருந்த பிரச்சினை இதே பிரச்சினைதான். பரப்பில் சில புள்ளிகள்தான் கையில் இருக்கின்றன. இடைப்பட்ட இடங்களை எப்படி நிரப்புவது? ஸ்ப்ளைன் வளைவுகளால் மூன்று திசையிலும் இழுத்துக் கட்டி நிரப்பினார்கள். 1975-இல் அது அச்சில் வந்தது. 2007-இல் பேலரும் பாரினெல்லோவும் அதே இடைவெளியை நியூரல் நெட்வொர்க் கொண்டு, எத்தனையோ அணுக்களுக்கு நிரப்பிக் காட்டினார்கள். இன்று எங்கள் குழுக்களில் கிட்டத்தட்ட எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஏ.ஐ. நிலப்படத்தை வேகமாக வரைந்து தருகிறது, சந்தோஷம். புள்ளி கொடுக்காத மூலையில் அது இல்லாத பள்ளத்தை வரைந்துவைத்தால், அலைப்பொதி நேராகப் போய் அதில் விழும். விழுந்ததைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும்.

சத்தியமூர்த்தி அங்கிருந்து டொரன்டோவில் ஜான் போலானியிடம் போஸ்ட்டாக் செய்தார் (1931 படத்தை வரைந்த மைக்கேலின் மகன், 1986-இல் நோபல்). பிறகு ஐ.ஐ.டி. கான்பூரில் பல வருஷம் பணி, 1990-இல் பட்நாகர் பரிசு, மொகாலி ஐசரின் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) முதல் இயக்குநர் பதவி. அவர் திரும்பத் திரும்பப் போன வினை ஒன்று உண்டு: ஹீலியம் அணுவும் ஹைட்ரஜன் மூலக்கூறு அயனியும் மோதி ஹீலியம் ஹைட்ரைடு அயனி உண்டாவது. அந்த ஹைட்ரஜன் அயனியை முன்கூட்டியே அதிரவிட்டால் வினை சூடுபிடிக்கும். பிரபஞ்சத்தில் முதலில் உருவான மூலக்கூறு என்று கருதப்படும் அந்த ஹீலியம் ஹைட்ரைடை, விண்வெளியில் முதன்முதலாகப் பார்த்ததாக 2019-இல்தான் அறிவித்தார்கள். காகிதத்தில் இருந்த மூலக்கூறு வானத்தில் தெரிந்த நாளில் இந்தத் துறைக்காரர்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்பதை வெளியாட்களுக்கு விளக்குவது கஷ்டம்.

வேலை. இங்கே உங்கள் சார் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். 'குவாண்டம் மூலக்கூறு இயக்கவியல் தெரிந்தவர் தேவை' என்று ஹைதராபாதிலோ பெங்களூரிலோ எந்த மருந்துக் கம்பெனியும் விளம்பரம் போடாது, சிந்தஸிஸ்காரர்களைத்தான் எடுப்பார்கள். இந்தத் துறைக்குள்ளேயே இருக்க வேண்டுமென்றால் வழி ஒன்றுதான்: பிஎச்.டி., அதன்பின் பெரும்பாலும் வெளிநாட்டில் இரண்டு முதல் நான்கு வருஷம் போஸ்ட்டாக், பிறகு ஐசர், ஐ.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் என்று விண்ணப்பித்துக் காத்திருப்பது. காலியிடம் குறைவு. வெளியே போகிறவர்களுக்கு நிலைமை மோசமில்லை. என்னிடம் படித்தவர்களில் ஒருவர் மருந்து ஆராய்ச்சியில் கணினிப் பிரிவில் இருக்கிறார், ஒருவர் கல்லூரி ஆசிரியை, இரண்டு பேர் வங்கிகளுக்கு மாடல் போடுகிறார்கள். வங்கிக்குப் போன பையன் இன்னும் தீபாவளிக்குப் போன் செய்து, "சார், கட்டத்தை நீட்டிப் பார்த்துவிட்டேன்" என்பான். கைடு எனக்குக் கொடுத்த கேள்வியை நான் அவனுக்குக் கொடுத்திருந்தேன்.

கோட் எழுதத் தெரியாமல் வெளியே வந்தவர்களுக்கு மட்டும்தான் சிரமம். ஆகவே கைடைத் தேர்ந்தெடுக்கும்போது, அவருடைய பேப்பர் எண்ணிக்கையைவிட அவருடைய மூத்த மாணவர்களிடம் பேசுவது முக்கியம். இரண்டு கேள்வி போதும். "உங்கள் குழுவின் கோட் யார் எழுதியது?" "போன ஐந்து வருஷத்தில் முடித்தவர்களுக்கு எத்தனை வருஷம் ஆயிற்று?" முதல் கேள்விக்கு ஒரு பாக்கேஜின் பெயர் மட்டும் பதிலாக வந்தால் அது அக்காவின் துறை. நீங்கள் தேடுவது அங்கே இல்லை. ஐ.ஐ.டி. கான்பூர், ஹைதராபாத் பல்கலைக்கழகம், இராமன் தன் விளைவைக் கண்ட கொல்கத்தா இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் ஆகிய இடங்களில் இந்தப் படிப்புக்கு நீண்ட மரபு உண்டு. அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.

இப்போது அப்பா. ஜே.ஆர்.எஃப். முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய். மதிப்பீட்டில் தேறினால் அடுத்த மூன்று வருஷம் மாதம் 42,000. ஐந்து வருஷத்துக்குக் கூட்டினால் சரியாக 24 லட்சம், வீட்டு வாடகைப்படி தனி. கடைக் கணக்கு நோட்டிலேயே போட்டுக் காட்டுங்கள், அவருக்குப் புரிகிற மொழி அது. 'படிப்புக்குச் செலவு' என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தால் அந்த எண்ணம் மாறும். இரண்டு விஷயத்தை மட்டும் மறைக்காதீர்கள். பணம் மாதா மாதம் முதல் தேதி வராது. சில சமயம் மூன்று நான்கு மாதம் சேர்ந்து வரும், அதனால் கையில் கொஞ்சம் இருப்பு வேண்டும். இன்னொன்று, தியரி பிஎச்.டி. பல இடங்களில் ஆறாம் வருஷத்துக்குள் நுழையும். உதவித்தொகை ஐந்தோடு நின்றுவிடும். ஆறாம் வருஷத்துக்கு என்ன ஏற்பாடு என்று சேரும் முன்பே அந்த நிறுவனத்தில் கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கல்யாணப் பேச்சு பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. 'எத்தனை வருஷம்' என்ற கேள்விக்குள் அதுவும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை நீங்களும் அப்பாவும் உட்கார்ந்து பேச வேண்டியது, நான் தலையிடுவது சரியில்லை. என் மாணவிகளில் இரண்டு பேர் நடுவில் கல்யாணம் முடித்துக்கொண்டு திரும்பி வந்து தீசிஸ் கொடுத்தார்கள் என்று மட்டும் அவரிடம் சொல்லலாம்.

முதலில் அந்த நாற்பது வரி. ஓடியதும் வருகிற முதல் படத்தை இந்தப் பகுதிக்கே அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். கட்டத்தின் நீளம் எவ்வளவு என்று படத்துக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.